மூன்று அலை நேரம்

ஒரு குழந்தை அழப்போகிறது என்று, அது அழுவதற்கு முன்னாலேயே உங்களுக்குத் தெரிந்துவிடுமா சார்? இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று காலையில் பஸ்ஸில் வரும்போது முடிவு செய்திருந்தேன். இப்போது கண்ட்ரோல் ரூம் கடிகாரம் ஒன்று ஐம்பது காட்டுகிறபோது, வேண்டாமோ என்று இருக்கிறது. உதவிப் பொறியாளர் ஜெபராஜ் சாருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. குழந்தை, அழுகை என்று ஆரம்பித்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார், துடைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். ஆனால் எனக்கு வேறு மாதிரிச் சொல்ல வரவில்லையே. என் மகள் தன்ஷிகாவுக்கு மூன்று வயது. எதையும் முனகலில்தான் தொடங்குவாள். சில நாள் அரைமணி நேரம் ஒரே சுதியில் முனகிக்கொண்டே சொப்புச் சாமான் விளையாடுவாள், ஒன்றும் ஆகாது, நான் பாட்டுக்கு வெங்காயம் உரிப்பேன். வேறு சில நாள் சத்தம் கம்மியாகத்தான் இருக்கும், ஆனால் அந்த முனகல் மெலிந்து மெலிந்து மேலே ஏறுகிற வேகம் இருக்கிறதே, அது காதில் பட்டதுமே அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன், நான் போய்ச் சேரவும் அவள் வாயைப் பிளக்கவும் சரியாக இருக்கும். சுதி எங்கே இருக்கிறது என்பது பெரிதல்ல, எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பதுதான் சேதி. இதையேதான் நீங்கள் போன மாதம் கொண்டுவந்து மாட்டிய ரிலேப் பெட்டியும் செய்கிறது சார். அவருக்குத் தெரியாததா. ஆனால் தெரிந்தவருக்குச் சொல்லிப் பார்க்கும்போதுதான் நமக்குத் தெளிகிறது. ஞாயிற்றுக்கிழமை சாளை மீன் ஆய்ந்துகொண்டே வீட்டுக்காரர் இசக்கிமுத்துவிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். கரண்ட் என்பது நொடிக்கு ஐம்பது சுற்றுச் சுற்றுகிற ராட்டினம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நாடு முழுக்க ஒரே ராட்டினம், எங்காவது ஒரு பெரிய மின்நிலையம் படுத்துவிட்டால் தள்ளுகிற கை குறைந்துபோகும், ராட்டினம் மெதுவாகும், ஐம்பது என்பது நாற்பத்தொன்பதரை ஆகும், அப்படியே விட்டால் எல்லா ஊரும் சேர்ந்து இருட்டாகும், அதற்கு முன்னால் நாலு ஊர் லைனை வெட்டிச் சுமையை இறக்கினால் மிச்சம் நாற்பது ஊர் பிழைக்கும். விழுந்து முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் பிந்திவிடும். அதனால் எவ்வளவு விழுந்தது என்று மட்டும் பார்க்காமல் என்ன வேகத்தில் விழுகிறது என்று பார்த்து வெட்டுகிற பெட்டி இது. அவர் மீன் தலையைப் பூனைக்கு எறிந்துவிட்டுச் சொன்னார், "நான் செருப்பக் கழட்டுத வேகத்துலயே கோவத்துல வந்திருக்கனா பசியில வந்திருக்கனான்னு சொல்லிருதியே, அந்த மாதிரின்னு சொல்லு." அதே மாதிரிதான். இதை சாரிடம் சொல்ல முடியுமா.

பெட்டி இப்போது பச்சை எழுத்தில் ஐம்பது புள்ளி பூஜ்யம் இரண்டு என்கிறது. பூஜ்யம் ஒன்று. ஐம்பது. மறுபடி பூஜ்யம் ஒன்று. புத்தகத்தில் அதிர்வெண், எங்கள் வாயில் ஃப்ரீக்வென்சி. பார்த்துக்கொண்டே இருந்தால் அதற்கும் ஒரு மூச்சு இருப்பது தெரியும், ஏறும், இறங்கும், யாரோ எங்கோ மோட்டார் போடுகிறார்கள், யாரோ அணைக்கிறார்கள். வெளியே டிரான்ஸ்ஃபார்மர் ஒரே மாதிரி இரைந்துகொண்டிருக்கிறது. முதல் மாதம் இந்த இரைச்சல் வீட்டுக்கும் கூடவே வந்தது, இட்லிப் பானைக்குள் எல்லாம் கேட்டது, இப்போது அது நின்றால்தான் காது திடுக்கிடும். இந்தத் துணை மின்நிலையத்தில் பகல் ஷிப்டில் நான் ஒருத்திதான், நான்கு ஃபீடர், நான்கு ஊர்ப்பக்கம் போகிற நான்கு லைன். இரண்டாம் நம்பரில் கல்லுடைக்கிற கிரஷர். மூன்றாம் நம்பரில் எங்கள் வெள்ளமடையும் அதன் ஆரம்ப சுகாதார நிலையமும், பெட்டி வெட்டும்படி வைத்திருப்பது இந்த மூன்றாம் லைனைத்தான். கிரஷர் தூசி கதவை மூடினாலும் உள்ளே வந்துவிடும், பேனல் முழுக்க முகப்பவுடர் பூசின மாதிரி வெள்ளையாய்ப் படிந்துகிடக்கும், அதனால் மஞ்சள் துணி ஒன்று வைத்து மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு துடை துடைத்துவிடுவேன். அதுதான் இப்போது வினையாகப் போனது. சனிக்கிழமை இரண்டு முப்பத்தொன்றுக்கு மூன்றாம் ஃபீடர் டக்கென்று விழுந்தது. டக் என்பது சின்னச் சத்தம் இல்லை, நெஞ்சுக்குள் கதவைச் சாத்தின மாதிரி. அலாரம் அடிக்கிறது, போனும் அடிக்கிறது. சுகாதார நிலையத்து ரோஸ்லின் சிஸ்டர். "வடிவு, கரண்ட் எங்கட்டி? இப்பத்தான் பொறந்த பிள்ளைய வார்மர்ல போட்டிருக்கேன், இன்வெர்ட்டர் செத்துக் கெடக்கு!" அவ்வளவுதான் கேட்டேன். சூடு இல்லாமல் ஒரு பச்சைப் பிள்ளை. லைன் எதனால் விழுந்தது என்று காட்டுகிற விளக்குகளில் எது எரிகிறது என்று குறித்துக்கொண்டு, நேரம் எழுதி, அப்புறம் ரீசெட் செய்து, மேலே கேட்டு, அப்புறம் லைனைக் கொடுக்க வேண்டும், அதுதான் முறை. நான் மேலே ஒரு வார்த்தை கேட்டேன், "குடு" என்றார்கள், எரிகிற விளக்கைக் குறிக்காமலே ரீசெட்டை அமுக்கி, பிடியைத் திருகி லைனைக் கொடுத்துவிட்டேன். நான்கு நிமிஷம். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, மூன்று கிலோ, ஆண், சிஸ்டர் மறுநாள் மார்க்கெட்டில் பார்த்துச் சிரித்தாள். ஆனால் எந்த விளக்கு எரிந்தது என்பதற்குச் சாட்சி நான் ஒருத்திதான், நானே அதைச் சரியாகப் பார்க்கவில்லை.

சாட்சி இல்லை என்பதுகூடப் பரவாயில்லை, நோட்டில் நான் எழுதின வரி இருக்கிறதே, அதுதான் என் கழுத்தைப் பிடிக்கிறது. 'இரண்டு முப்பத்தொன்று, மூன்றாம் ஃபீடர் எடுத்தேன்.' எங்கள் ஊரில் வண்டியை எடுத்தேன் என்றால் வண்டியைக் கிளப்பினேன் என்றுதான் அர்த்தம். போன லைனைத் திரும்பக் கிளப்பினேன், அதனால் எடுத்தேன். ஜெபராஜ் சாருக்கு அந்த வார்த்தை ஃப்யூஸை எடுத்தேன் என்கிற எடுத்தேன். நேரம் விழுந்த நேரம், வேலை நான் செய்த வேலை, இரண்டையும் ஒரே வரியில் போட்டுத் தொலைத்தேன், சேர்த்துப் படித்தால் நானே இரண்டு முப்பத்தொன்றுக்கு லைனைப் பிடுங்கினதாக ஆகிறது. நேற்று போனில், "ஏம்மா, இது உன் கையெழுத்துதானே?" "ஆமா சார்." "மூணாம் நம்பர எதுக்கு எடுத்தே?" "போயிட்டுது சார், அதான் எடுத்தேன்." "போனத எப்படிம்மா எடுப்ப?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது சார், நீங்கள் கோபத்தில் இருந்தீர்கள், நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன், அது உங்களுக்கு அழுவது மாதிரிக் கேட்டிருக்கும், உடனே குரலை இறக்கினீர்கள். "துடைக்கிறேன்னு பிடியத் திருகியிருப்ப. ஒத்துக்க. இது சமையலறை இல்ல, பாத்திரம் துடைக்கிற மாதிரி துடைக்கிறதுக்கு." சமையலறையில் நான் பாத்திரத்தைத் துடைப்பது இருக்கட்டும் சார், அங்கே எதையாவது திருகினால் எனக்குத் தெரியாமலா திருகுவேன்? இப்படிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. போனை வைத்த பிறகுதான் எல்லாப் பதிலும் வருகிறது, பஸ் போன பிறகு சில்லறை கிடைக்கிற மாதிரி. கிரஷர் மோட்டாரால் இருக்கும் சார், போடும்போது விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு வருகிறேன், ரிலேயைப் பார்ப்பேன், அது சரியாக இருந்தால் அறிக்கையில் ஆபரேட்டர் தவறு என்று எழுதுவேன், கான்ட்ராக்டர் வேறு ஆளை அனுப்பிக்கொள்ளட்டும் என்றார். அந்தச் செவ்வாய்க்கிழமைதான் இது. அதுவரைக்கும் பெட்டி எதையும் வெட்ட முடியாதபடி அதையும் லைனையும் இணைக்கிற லிங்கைப் பின்னாலிருந்து கழற்றி வைத்திருக்கிறார்கள், இப்போதைக்கு அது கையைக் கட்டிப்போட்ட போலீஸ்காரர், சிவப்பு விளக்கு போடும், வெட்டாது. என் தப்பு என்று எழுதிவிட்டால் லிங்கைத் திரும்ப மாட்டிவிடுவார்கள். மாட்டினால் இன்னொரு நாள் அந்தப் பக்கம் வார்மர் அணையும், இங்கே வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள், அவர்களும் தான்தான் எதையோ திருகிவிட்டோம் என்று நினைப்பார்கள். என் வேலை போவதைவிட இதுதான், இல்லை, பொய் சொல்லக் கூடாது, என் வேலையும்தான். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, பஸ் மாறி பஸ் மாறிப் போய் டிப்ளமா வாங்கி, நான்கு வருஷம் வீட்டில் சும்மா இருந்துவிட்டு, இந்த நாற்காலிக்கு வந்திருக்கிறேன். இதிலிருந்து என்னைக் கிளப்ப ஒரு மஞ்சள் துணி போதுமா?

ஆனால் ஒன்று. நான் திருகவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியுமா? இந்த இடத்தையே மூன்று நாளாக மனசு சுற்றுகிறது, செக்குமாடு மாதிரி. பிடியை இடப்பக்கம் பலமாகத் திருகினால்தான் லைன் விழும், துணி பட்டெல்லாம் திருகாது. சரி. ஆனால் கை? காலையில் வீட்டைப் பூட்டிவிட்டுப் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தபின், பூட்டினேனா என்று எத்தனை நாள் திரும்பி ஓடியிருக்கிறேன், போய்ப் பார்த்தால் பூட்டித்தான் இருக்கும். கை பூட்டியிருக்கிறது, நான் பூட்டவில்லை. சிலிண்டரை மூடுவது அப்படி, தன்ஷிகாவுக்கு ஜட்டி மாட்டுவது அப்படி, ஒருநாள் பால்வாடிக்கு விட்டுவிட்டு வந்து, பிள்ளைக்குப் பொட்டு வைத்தேனா என்று ஒரு பகல் முழுக்க யோசித்தேன், சாயங்காலம் பார்த்தால் ஒன்றுக்கு இரண்டாக வைத்திருக்கிறேன். அப்படியிருக்க, தினமும் ஒரே பேனலைத் துடைக்கிற கை, ஒருநாள் தன் பாட்டுக்கு ஒரு பிடியைப் பிடித்து, திருகி... இல்லை. கை பழகின வேலையைத்தான் தானாகச் செய்யும். லைனை வெட்டுவது என் கைக்குப் பழக்கமில்லை, இந்த ஒரு வருஷத்தில் பதினோரு தடவைதான் வெட்டியிருக்கிறேன், ஒவ்வொன்றும் வியர்க்க வியர்க்க. இது நல்ல வாதம். இதைச் சொல்லலாம். சொன்னால் அவர், 'அப்ப பன்னிரண்டாவது தடவை' என்பார். என் கையைப் பார்க்கிறேன். நகத்தில் காலையில் தேங்காய் துருவின வெள்ளை இன்னும் இருக்கிறது. சனிக்கிழமை துணி எந்தக் கையில் இருந்தது? வலது. பேனலில் எங்கே நின்றேன்? இரண்டாம் நம்பருக்கு எதிரே, ஏனென்றால் அதன் ஆம்பியர் மீட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன், துணிக்குக் கீழே முள் வலது பக்கமாகச் சாய்ந்ததைப் பார்த்தேன். பார்த்தேன்தானே? பார்த்த மாதிரி இருக்கிறது. ஞாயிறு காலை நினைத்தபோது லேசாகச் சாய்ந்திருந்தது, திங்கள் காலை நினைத்தபோது கடைசிக் கோட்டை இடித்துக்கொண்டு நின்றது. நினைக்க நினைக்க முள் கூடக்கூடச் சாய்கிறது. இதுதான் எனக்குப் பயம். என் ஞாபகம்கூட நான் வேண்டுகிற பக்கம் சாய்கிறதோ என்று. அதனால்தான் ஞாபகத்தை நம்பாமல் இன்றைக்குக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கிரஷரில் இரண்டரைக்குச் சாப்பாட்டு நேரம் முடிந்து பெரிய மோட்டாரைப் போடுவார்கள். போடும்போது இந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால் குற்றம் பெட்டியுடையது. எரியாவிட்டால், எரியாவிட்டால் என்பதை இரண்டரைக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். இப்போது இரண்டு ஆறு. நோட்டில் கோடு போட்டு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எண்ணை எழுதிவருகிறேன். அழகாக, கட்டம் கட்டமாக.

கிரஷர் மோட்டார் எப்படி நாடு முழுக்கச் சுற்றுகிற ராட்டினத்தை மெதுவாக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள் சார். ஆக்காது. அதுதானே விஷயம். ராட்டினம் அப்படியேதான் சுற்றுகிறது, பெட்டிக்குத்தான் மெதுவான மாதிரித் தெரிகிறது. பெட்டியோடு வந்த புத்தகத்தை இரண்டு வாரமாகப் போனில் அர்த்தம் பார்த்துப் பார்த்துப் படித்தேன். ஒவ்வொரு அலையும் எப்போது வருகிறது என்று பெட்டி நேரம் பிடிக்கிறது, முந்தினதோடு கழிக்கிறது, நேரத்தால் வகுக்கிறது, அதுதான் விழுகிற வேகம். எத்தனை அலையைப் பார்த்துவிட்டுச் சொல்வது என்பது நாம் வைக்கிறது. நம் பெட்டியில் மூன்று அலை. மூன்று அலை என்றால் கண்ணிமைக்கிற நேரத்தில் பாதிகூட ஆகாது. பெரிய மோட்டார் முக்கிக்கொண்டு கிளம்பும்போது அந்த இழுப்பில் நம் அலை ஒரே ஒரு எட்டுத் தள்ளி விழும். பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவில் அணிவகுத்துப் போவோமே, லெஃப்ட் ரைட் லெஃப்ட், என் முன்னால் போகிற மல்லிகா கல் தடுக்கி ஒரு எட்டுத் தப்பவிட்டு அடுத்த எட்டில் சேர்ந்துகொள்வாள். அந்த மூன்று எட்டை மட்டும் பார்க்கிறவன் வரிசையே நின்றுபோகிறது என்பான், பதினைந்து எட்டுப் பார்க்கிறவன் ஒரு பிள்ளை தடுக்கியது என்பான். நடை அதே நடை. தன்ஷிகாவுக்கு மார்கழியில் சளி கட்டியபோது ரோஸ்லின் சிஸ்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். நான் வீட்டிலேயே மூச்சு எண்ணியிருந்தேன், பத்து நொடியில் பத்து, ஆறால் பெருக்கினால் அறுபது, ஐயோ அறுபதா என்று ஓடினேன். சிஸ்டர் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, எண்ணிக்கொண்டே இருந்தாள், எனக்கு உயிர் போகிறது. "முப்பத்தாறு," என்றாள். "நீ எண்ணும்போது பிள்ளை என்ன செஞ்சா?" "அழுது முடிச்சு விக்கிக்கிட்டு இருந்தா சிஸ்டர்." "அப்ப நீ விக்கலை எண்ணியிருக்கட்டி. மூச்சுன்னா முழு நிமிஷம் எண்ணணும்." விக்கலை எண்ணியிருக்கிறது பெட்டி. இந்த இடத்தில் எனக்குப் பயம் வேறொன்று. முழு நிமிஷம் எண்ணிக்கொண்டிருக்கும்போதே நிஜமாகவே மூச்சு முட்டினால்? பதினைந்து அலை வைத்துத் தாருங்கள் என்று நான் கேட்டு, அவர் வைத்து, அன்றைக்கு நிஜமாகவே ராட்டினம் விழுந்து, பெட்டி எண்ணிக்கொண்டே இருந்து, நாடே இருட்டானால், அது ஒரு வடிவு சொன்னதைக் கேட்டதால் என்று ஆகாதா? ஞாயிறு ராத்திரி இதை நினைத்து எழுந்து தண்ணீர் குடித்தேன். அப்புறம் கணக்குப் போட்டேன், பயத்துக்குக் கணக்குதான் மருந்து. பதினைந்து அலை என்பது நொடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நொடிக்கு ஒன்று என்று தலைகுப்புற விழுந்தாலும் பெட்டி எண்ணி முடிப்பதற்குள் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் விழுந்திருக்கும், ஐம்பது நாற்பத்தொன்பதே முக்காலை ஒட்டித்தான் இருக்கும். அங்கே வெட்டினாலும் பிழைக்கும். பொறுக்கலாம். ரொம்பவும் பொறுக்கக் கூடாது, விக்கலை மூச்சென்று நினைக்காத அளவுக்குப் பொறுக்கலாம். அந்த இடைப்பட்ட இடம் ஒன்று இருக்கிறது, அம்மாமார் எல்லோரும் அங்கேதான் குடியிருக்கிறோம், இதைச் சொன்னால் கண்ணாடியைத் துடைக்கவே ஆரம்பித்துவிடுவார்.

இரண்டு இருபத்தெட்டு. துணியை எடுத்து மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டேன், யாரும் பார்க்காவிட்டாலும் எனக்கே சாட்சியாக. இரண்டு முப்பது. ஒன்றும் இல்லை. சாப்பாடு முடிந்து பீடி குடிக்கிறார்களாக்கும். முப்பத்திரண்டு. முப்பத்து மூன்று. வெளியே இரைச்சல் ஒரு கணம் தடித்தது, இரண்டாம் நம்பர் முள் எழுந்து வலது பக்கம் போனது, ட்யூப்லைட் ஒரு தரம் கண்ணைச் சிமிட்டியது, நான் பெட்டியைப் பார்த்தேன். பச்சை. ஐம்பது. ஐம்பது புள்ளி பூஜ்யம் ஒன்று. முள் இறங்கி உட்கார்ந்தது. சிவப்பு எரியவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், பிந்தி எரியுமோ என்று, எண்ணெயில் போட்ட அப்பளம் ஒரு கணம் சும்மா கிடந்துவிட்டுப் பொரிகிற மாதிரி. எரியவில்லை. அப்போது என் கைதானா? பன்னிரண்டாவது தடவை. நானே திருகிவிட்டு, நானே எடுத்து, நானே எழுதி, மூன்று நாளாக நானே ஒரு பெட்டியின் மேல் பழி போட்டு, அதற்குக் கணக்கும் போட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை முள் சாய்ந்ததும் பொய், ஞாபகம் எனக்கு வேண்டியதைச் செய்து கொடுத்திருக்கிறது, பிள்ளை கேட்கிற பொம்மையை அப்பா வாங்கித் தருகிற மாதிரி. அந்தப் பச்சைப் பிள்ளை நான்கு நிமிஷம் சூடில்லாமல் கிடந்தது என்னால். வேண்டாம், நில்லு வடிவு. இதுவும் மூன்று அலைதான். ஒரு தடவை பார்த்துவிட்டு, போச்சு என்கிறாய். நீயும் பெட்டி மாதிரியே பேசுகிறாய். இப்போது கேட்ட சத்தத்தை நினை, ஞாபகம் ஆறுவதற்குள். முள் எழுந்தது, இறங்கியது, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, அவ்வளவு. சனிக்கிழமை? சனிக்கிழமை நான் வாய் திறந்து பேசினேன். ஆமாம். முள்ளைப் பற்றிய ஞாபகம் சாயலாம், ஆனால் நான் பேசியது நிஜம், ஏனென்றால் பேசிவிட்டு, தனியாகப் பேசுகிறோமே என்று எனக்கே சிரிப்பு வந்தது. வெளியே டிரான்ஸ்ஃபார்மர் முக்கிய முக்கலைக் கேட்டு, 'ஏ சனியனே, பிள்ளை பெறப்போறியா, என்ன இந்த முக்கு முக்குத' என்றேன். அதைச் சொல்லி முடிக்க நான்கு எண்ணுகிற நேரம் போதாது. அவ்வளவு நேரமும் முக்கல் நிற்கவில்லை, சிரித்த பிறகுதான் டக். அப்படியென்றால் அன்றைய முக்கலும் இன்றைய முக்கலும் ஒன்றில்லை. போனை எடுத்தேன். கிரஷர் ஃபோர்மேன் சுடலைமணி அண்ணாச்சி, எங்கள் ஊர்தான், லைன் கேட்டுத் தினமும் பேசுகிறவர்.

"என்ன தங்கச்சி, லைன நிறுத்தப் போறியளோ? இப்பத்தான் போட்டேன்."

"நிறுத்தல அண்ணாச்சி. ஒண்ணு கேக்கணும். இன்னைக்கு மோட்டாரு லேசாக் கெளம்பிட்டே, சனிக்கிழமை ஏன் அப்படி முக்குச்சு?"

கல் நொறுங்குகிற சத்தம் தூரப்போனது, அண்ணாச்சி போனோடு தள்ளி வந்திருக்க வேண்டும்.

"ஒனக்கு யாரு சொன்னா?"

"ஒங்க மோட்டாருதான் சொல்லிச்சு."

"வாயாடிப் பிள்ள. இன்னைக்கு வெறும் வாயில ஓட்டுனேன், அதான் லேசு. சனிக்கிழமை பெல்ட் நழுவி அப்படியே நின்னுபோச்சு, வாய் நெறையக் கல்லு. அள்ளி வெளிய போட்டுட்டுத்தான் போடணும். எவன் அள்ளுவான் அந்த வெயில்ல? கல்லோடயே போட்டுட்டேன். மொதலாளிக்குத் தெரிஞ்சா என் தோல உரிச்சிருவாரு, சொல்லிராத தாயி."

நான் சொல்லமாட்டேன் என்று சொல்லவில்லை, சொல்வேன் என்றும் சொல்லவில்லை, "சரி அண்ணாச்சி, வைக்கேன்" என்று வைத்துவிட்டேன். வாய் நிறையக் கல். காலியான கிரஷரும் கல் நிறைந்த கிரஷரும், வெறுங்கையோடு எழுந்திருக்கிறவளும் இடுப்பில் பிள்ளையோடு எழுந்திருக்கிறவளும் மாதிரி. இடுப்பில் பிள்ளை இருந்தால் எழும்போது ஒரு முக்கு இருக்குமே. அவர் சொன்னது எனக்குச் சாட்சியா? இன்னும் இல்லை. வாதம்தான் ஆகியிருக்கிறது. கல்லோடு கிளம்பினால் விளக்கு எரியும் என்று நான் நினைக்கிறேன், நினைப்பது எரிவதாகாது. எரியாமலும் போகலாம், போனால் என் கைதான், அதையும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும், தெரியாமல் இந்த நாற்காலியில் இனி எப்படி உட்காருவது? அண்ணாச்சிக்கு ஒரு சங்கடம் வரும். எனக்கும் வரும். வார்மரில் கிடந்த பிள்ளைக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லையே. கேட் திறக்கிற சத்தம், மோட்டார் சைக்கிள், இரண்டு ஐம்பது, ஜெபராஜ் சார் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து முதலில் பேனலைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார், துணி இருக்கிறதா என்று.

"கிரஷர் போட்டானா?"

"ரெண்டு முப்பத்து மூணுக்குப் போட்டாங்க சார்."

"வெளக்கு?"

"எரியல சார்."

கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப சரியாப் போச்சு. நோட்ட எடு."

"சார், நான் எரியலன்னு மறைக்காம சொன்னேன்ல, அதுக்காகவாவது ரெண்டு நிமிஷம் கேளுங்க." எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்திருந்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை, ராட்டினமும் வரவில்லை, மல்லிகாவும் வரவில்லை. "இன்னைக்குக் காலியாக் கெளப்புனாங்க. சனிக்கிழமை கல்லோட கெளப்பியிருக்காங்க. இழுப்பு இன்னைக்கவிட ரொம்ப நேரம் நின்னுச்சு, அலை தள்ளி விழுந்திருக்கும், பெட்டி மூணு அலைதான் பாக்குது, ஃப்ரீக்வென்சி வேகமா விழுதுன்னு நெனச்சிருக்கும். லிங்கு கழட்டித்தான் இருக்கு, யாருக்கும் கரண்டு போகாது. கல்லோட ஒரு தடவ போட்டுப் பாத்துருவோம் சார்."

அவர் துடைப்பதை நிறுத்தியிருந்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி இருந்தது. "அலை தள்ளி விழும்னு யாரு சொன்னா?"

"ஒங்க புத்தகம்தான் சார். நாப்பத்தோராம் பக்கம். எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு, அந்த ஒரு பக்கத்துக்கு."

"எரியலன்னா?"

"எரியலன்னா என் கைதான்னு நானே எழுதித் தாரேன். வெட்டுனேன்னு தெளிவா எழுதுதேன், எடுத்தேன்னு எழுத மாட்டேன்."

உதட்டோரம் லேசாக அசைந்தது, சிரிப்பா இல்லையா என்று சொல்ல அந்த அசைவு போதாது. ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு ரிலேக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒரு மோட்டாரக் கல்லோட போடச் சொல்லி நான் சொல்ல முடியாது. எழுத்துல கேட்டா அவன் மொதலாளி ஆறு மாசம் கழிச்சுப் பதில் போடுவான். நீ கேக்கிறதுன்னா கேளு. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். மணி நெடுநேரம் அடித்தது. எடுத்ததும் கிரஷர் சத்தம் அறை முழுக்க நிறைந்தது.

"அண்ணாச்சி, வடிவு பேசுதேன். மறைச்சுப் பேசல, ஜெபராஜ் சார் பக்கத்துல உக்காந்திருக்காவ, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

"அட பாவி மகளே," என்றார் அண்ணாச்சி, பிறகு, "வணக்கம் சார்."

"திட்டுறத அப்புறமா வீட்டுக்கு வந்து திட்டுங்க, காப்பி போட்டுத் தாரேன். சனிக்கிழமை எங்க மூணாம் நம்பர் லைன் விழுந்தது என் கையாலயா ஒங்க மோட்டாராலயான்னு தெரிஞ்சாகணும். தெரியலன்னா நம்ம ஊரு ஆஸ்பத்திரிக்கு இன்னொரு தடவ இதே மாதிரிப் போகும், அப்ப எந்தப் பிள்ளை வார்மர்ல கெடக்குமோ. ஒங்க மருமவளுக்கும் இது எட்டாம் மாசந்தானே."

"பெல்ட்டு அந்துபோச்சுன்னா மொதலாளிக்கு யாரு பதில் சொல்லுவா?"

ஜெபராஜ் சார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு போன் பக்கமாகக் குனிந்து, "என் பேரச் சொல்லுங்க," என்றார்.

அந்தப் பக்கம் யாரையோ சத்தம் போட்டு நிறுத்தச் சொல்வது கேட்டது. கல் நொறுங்குவது தேய்ந்து தேய்ந்து நின்றது. வெளியே டிரான்ஸ்ஃபார்மரின் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. நான் பெட்டியின் சிவப்பு விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல், போனை வாயருகே கொண்டுபோனேன்.

"அண்ணாச்சி, அள்ளாதிய. வாய் நெறையக் கல்லு கெடக்கட்டும், அப்படியே ஒரே ஒரு தடவ சுவிட்சப் போடுங்க."